இடுப்பு வலியும் மூத்திரக்காய் ரோகமும்



பூமியில் உழைத்து ஜீவிக்கும் ஜனங்களுக்கு இடுப்பு வலி புதிதன்று. மூட்டை சுமந்தவனுக்கும், நாள் முழுவதும் குனிந்து நாற்று நட்டவளுக்கும் மாலையில் இடுப்புப் பிடித்துக்கொள்வது சகஜம். இவ்வித வலிகளில் பெரும்பான்மையானவை தசைகளின் அயர்ச்சியால் உண்டாகி, இளைப்பாறுதலாலும் வெந்நீர் ஒற்றடத்தாலும் தாமே நீங்கிவிடுகின்றன. ஆனால் இடுப்பு வலி யாவும் உழைப்பினால் வந்ததே என்று எண்ணுவது ஆபத்தாகும். சிலருக்கு அது மூத்திரக்காய்களில் கிருமி புகுந்ததன் அறிகுறியாயிருக்கிறது.

ஓர் உதாரணத்தால் இது விளங்கும். நடவுக்குச் செல்லும் ஒரு ஸ்திரீக்குக் காலை முதல் இருட்டும் வரையில் ஒதுங்க மறைவிடமில்லை. அதற்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்கிறாள். சில தினங்களில் நீர்க்கடுப்புக் காண்கிறது. வெட்கத்தினால் ஒருவரிடமும் சொல்லாமல், உடற்சூடு என்று மோர் குடித்துவிட்டு இருக்கிறாள். பின்னர் வலது விலாவின் கீழ் வலிக்கிறது. நடவு வலி என்று தைலம் தேய்த்து, கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி, மறுநாளும் வயலில் இறங்குகிறாள். மூன்றாம் நாள் பற்கள் கிட்டும்படியான குளிர் நடுக்கமும், காய்ச்சலும், வாந்தியும் வந்த பிறகே வீட்டார் வண்டி தேடுகிறார்கள்.

சிறுநீரகம் என்று சொல்லப்படும் மூத்திரக்காய்கள் இரண்டு. அவை முதுகெலும்பின் இரு பக்கத்திலும், கடைசி விலா எலும்புகளின் மட்டத்தில், முதுகை ஒட்டி அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுள்ளது. இரத்தத்திலுள்ள கழிவை வடிகட்டி நீராக்கி நீர்ப்பைக்கு அனுப்புவதே அவற்றின் தொழில். மலக்குடலில் வசிக்கும் ஒருவகைக் கிருமி நீர்த்துவாரத்தின் வழியாக நீர்ப்பையை அடைந்து, அங்கிருந்து மேலேறி மூத்திரக்காயைப் பற்றுகிறது. 1885-ஆம் வருஷத்தில் எஷெரிக் என்னும் வைத்தியர் இக்கிருமியை விவரித்தார். ஸ்திரீகளின் நீர்த்தாரை சுமார் 4 சென்டிமீட்டரே நீளமாகையால், இந்நோய் அவர்களையே அதிகமாகப் பீடிக்கிறது. தண்ணீர் குறைவாகப் பருகுவதும், நீரை வெகுநேரம் அடக்குவதும் கிருமி பெருக இடங்கொடுக்கும்.

இரு வலிகளையும் பிரித்தறிவது எவ்வாறு? உழைப்பினால் வந்த வலி பெரும்பாலும் இடுப்பின் கீழ்ப்பாகத்தில் தோன்றி, குனிந்தால் மிகுந்து, படுத்தால் தணியும், காய்ச்சல் இராது. மூத்திரக்காய் வலியோ இடுப்புக்குச் சற்று மேலே, விலாவின் கீழ், பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தோன்றும். எப்படிப் படுத்தாலும் எளிதில் தணியாது. அதனுடன் குளிர்காய்ச்சல், குமட்டல், நீர்க்கடுப்பு, அடிக்கடி சிறுகச் சிறுக நீர் பிரிதல், நீர் கலங்கியோ, துர்நாற்றமாகவோ, இரத்தம் கலந்தோ போதல் ஆகியவற்றுள் சில சேர்ந்திருக்கும். வலியுடன் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் செல்லவேண்டும். வயோதிகரில் சிலருக்குக் காய்ச்சல் இன்றி, புத்தி தடுமாற்றம் மட்டுமே காண்பதும் உண்டு.

சிறு கடனைக் காலத்தில் தீர்க்காதவன் வட்டியும் முதலுமாகப் பெருங்கடனைச் சுமப்பது போல, நீர்க்கடுப்பை அசட்டை செய்தவர் மூத்திரக்காய் ரோகத்தைச் சுமக்க நேரிடும். கிருமி இரத்தத்தில் கலந்தால் பிராணாபாயமும் உண்டு. கர்ப்பிணிகளுக்குக் குறைப்பிரசவம் நேரலாம். அவர்களுக்கு வலியே இல்லாமலும் நீரில் கிருமி இருக்கக்கூடுமாதலால், நீர்ப் பரிசோதனையைத் தவறவிடலாகாது. நீரிழிவு உள்ளவர்களும், கல்லடைப்பு உள்ளவர்களும் விசேஷ ஜாக்கிரதையாயிருக்கவேண்டும்.

இந்நோய் குணமாகக்கூடியதே. 1935-ஆம் வருஷத்தில் ஜெர்மானிய வைத்தியரான டோமாக் சல்பா மருந்தின் குணத்தை வெளியிட்ட பிறகு, கிருமியை அடக்கும் மருந்துகள் பல வந்துவிட்டன. நீரைப் பரிசோதித்துத் தக்க மருந்தை வைத்தியர் கொடுப்பார்; அதைச் சாதாரணமாக 7 முதல் 14 நாள் வரையில் சாப்பிடவேண்டியிருக்கும். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டதென்று நிறுத்தினால், எஞ்சிய கிருமிகள் மீண்டும் தலையெடுக்கும்; பின்னர் அதே மருந்துக்கு அடங்காமலும் போகலாம். வலி மாத்திரைகள் கிருமியைக் கொல்லமாட்டா. அவற்றுள் பல, அடிக்கடி உட்கொண்டால் மூத்திரக்காய்களையே கெடுக்கும்.

வருமுன் காப்பதற்குச் செலவு அதிகமில்லை. வெயிலில் உழைப்பவர் தாகம் வரும்வரை காத்திராமல் நாள் முழுவதும் தண்ணீர் பருகவேண்டும். இருதய நோயோ, முன்பே மூத்திரக்காய்க் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் அதன் அளவை வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். நீரை அடக்கலாகாது. மலங்கழித்த பின் முன்னிருந்து பின்னாகச் சுத்தம் செய்யும்படி பெண் குழந்தைகளுக்கு இளமையிலேயே கற்பிக்கவேண்டும்.

ஆனால் தண்ணீர் குடி என்று சொல்லிவிட்டு, ஒதுங்க இடமளிக்காதிருப்பது நியாயமன்று. வீடுதோறும் ஒரு கக்கூஸும், நடவுக் காலத்தில் வயலோரத்தில் நான்கு கழி நட்டுக் கீற்று மறைத்த ஓரிடமும் அமைப்பது ஆண்மக்களின் கடமை. அதற்கு ஒரு பகல் வேலையே போதும். நீர்க்கடுப்பைப் பற்றிப் பேசுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டிலுள்ள ஸ்திரீ இடுப்பு வலி என்று சொல்லும்போது, "காய்ச்சல் உண்டா? நீர் சரியாகப் போகிறதா?" என்னும் இரண்டு கேள்விகளை அன்றே கேட்பவர், ஓர் உயிரையே காப்பாற்றியவராகக்கூடும்.