வானைக் கேட்ட பஞ்சாங்கம்



தஞ்சைத் தரணியில் பிறந்தவன் நான். எங்கள் பக்கத்தில் நாற்றுவிடுவதற்கும் திருமணத்திற்கும் நாள் பார்ப்போர் இன்றும் பலர். அத்தகைய நாட்டில் 2025ஆம் ஆண்டு ஒரு குழப்பம் எழுந்தது. மார்ச் 29ஆம் நாள் சனி மீன ராசிக்குப் பெயர்வதாகத் திருக்கணிதப் பஞ்சாங்கம் கூறிற்று. காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றுக் கோயிலோ, தான் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கப்படி பெயர்ச்சி 2026இல்தான் என அறிவித்தது. வானில் உள்ள சனி ஒன்றே. அதற்கு இரண்டு நாட்கள் எங்ஙனம் அமைந்தன?

நம் முன்னோர் கோள்களின் நிலைகளை எண்களாக்கி, அவ்வெண்களை மனத்தில் பதியும் சொற்றொடர்களாகத் தொகுத்தனர். அவையே வாக்கியங்கள். ஏடும் எழுத்தாணியும் இன்றிக் கிரகணத்தைக் கணிக்க உதவிய அரிய முறை அது. ஆயினும் நூற்றாண்டுகள் பல திருத்தப்படாமையால் சிறு வேறுபாடு பெருகிவிட்டது.

ஜான் வாரன் என்பார் 1825இல் 'காலசங்கலிதம்' என்னும் நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் தாம் கண்ட பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் பற்றி அதில் எழுதியுள்ளார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, நினைவிலிருந்த வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்தாராம். ஆனால், அக்கணக்கின் காரணம் அவருக்குத் தெரியவில்லை. முறை தலைமுறை தலைமுறையாக வந்தது. விளக்கம் உடன் வரவில்லை.

இக்குறையைப் போக்க முயன்றவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த வானாய்வுக்கூடத்தில் அவர் முதல் உதவியாளராக விளங்கினார். 1867இல் ரெட்டிகுலம் என்னும் தென்வானத் தொகுதியில், ஒளி கூடியும் குறைந்தும் தோன்றும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1872இல் லண்டனின் அரச வானியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. இத்தகையவர், தாம் அறிந்ததைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. வானை நோக்கித் திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். 1874 டிசம்பர் 9ஆம் நாள் சுக்கிரன் சூரியனைக் கடக்கவிருந்தபோது, அதனை முன்கூட்டியே மக்களுக்கு உணர்த்த, உரையாடல் வடிவில் ஒரு சிறுநூல் எழுதினார். நம் நாட்டு மொழிகள் சிலவற்றிலும் அது வெளிவந்தது.

அந்நிகழ்ச்சியின் பயன் யாது? வயல்வரப்பில் நின்று, எதிரே உள்ள தென்னையையும் அதற்கு அப்பால் தொலைவில் தெரியும் கோபுரத்தையும் நோக்குங்கள். வரப்பில் இருபது அடி நடந்து மீண்டும் நோக்கினால், தென்னை கோபுரத்தை விட்டு விலகியிருக்கும். நடந்த தூரத்தையும் விலகிய அளவையும் கொண்டு தென்னையின் தொலைவைக் கணக்கிடலாம். உலகின் வெவ்வேறு இடங்களிலிருந்து, சூரிய வட்டத்தின்மேல் சுக்கிரன் செல்லும் பாதையை நோக்கியவர்களும் இதையே செய்தார்கள். இவ்வழியே சூரியனின் தொலைவு கணிக்கப்பட்டது. இன்று நாம் அறிந்த அளவு ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர். ஒருவர் மட்டும் ஓரிடத்தில் நின்று பெறக்கூடிய விடையன்று அது. பலர் கண்டு, பகிர்ந்து, ஒப்பிட்டுப் பெற்றது.

சனிக்கு வருவோம். அது சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டுகள் ஆகின்றன. ஒரு ராசியைக் கடக்க இரண்டரை ஆண்டுகள். இரு பஞ்சாங்கங்களும் சுட்டும் இடங்களுக்கிடையே, கையை நீட்டி முட்டியை மடக்கினால் மறையும் அகலத்திற்குச் சற்றே குறைந்த இடைவெளி உண்டு. விண்மீன்களை அடையாளம் அறிந்தவர் வெறுங்கண்ணாலேயே அதனைச் சரிபார்க்கலாம்.

விழாவுக்குரிய நாளை வகுப்பது கோயிலின் மரபு. அதில் நமக்கு வழக்கில்லை. கோள் எங்கே இருக்கிறது என்னும் வினாவுக்கு மட்டும் விடையை வானத்திடமே கேட்க வேண்டும். கேட்டறிந்ததை, ரகுநாதாச்சாரியைப் போல், ஊரறியச் சொல்லவும் வேண்டும். 1880இல் மறைந்த அப்பெரியாருக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.