சோறு என்று சொல்லும் உரிமை



2024 நவம்பரில் நாம் ராஜ் கௌதமனை இழந்தோம். அவரை நினைத்துக் கூடியிருக்கும் இந்த அவையில் நம் பேச்சுமொழியைப் பற்றிப் பேசுவது பொருத்தம் என்று கருதுகிறோம். சங்கப் பாடல்களையும் தொல்காப்பியத்தையும் சமூக வரலாறாக வாசித்த தமிழ்ப் பேராசிரியர் அவர். 'சிலுவைராஜ் சரித்திர'த்தில் ஊர்ப்பேச்சின் நக்கலைக் கூச்சமில்லாமல் எழுத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அவருடைய தங்கை பாமா 1992-இல் 'கருக்கு' நூலைத் தம் தெருவின் பேச்சிலேயே எழுதினார். யாருடைய பேச்சு தமிழ், யாருடைய பேச்சு கொச்சை என்ற கேள்வியைத் தமிழ் இலக்கியம் தட்டிக்கழிக்க முடியாமல் செய்த வீடு அது.

நம்மில் பலருக்கு இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வரவில்லை. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம். "எங்கூட்ல சோறு துன்னுட்டு வந்தேன்" என்றோம். வகுப்பு சிரித்தது. நம் சாதி என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அன்றிலிருந்து வாய் திறப்பதற்கு முன் ஒவ்வொரு சொல்லையும் மனசுக்குள் மாற்றிப் பார்க்கத் தொடங்கினோம். 'துன்னுட்டு' 'சாப்பிட்டு' ஆனது. 'சோறு' 'சாதம்' ஆனது. லீவுக்கு ஊருக்கு வந்து "சாதம் போடும்மா" என்றபோது, அம்மா கையில் கரண்டியோடு நம்மை வேற்றாளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். வகுப்பு சிரித்ததைவிட அந்தப் பார்வைதான் நமக்கு அதிகம் வலித்தது.

இந்தச் 'சோறு' என்ற ஒரு சொல்லை மட்டும் கொஞ்சம் பின்தொடர்ந்து போவோம். அது பழந்தமிழ்ச் சொல். சங்க இலக்கியம் ஒரு சேர மன்னனுக்கே அதைப் பட்டமாகத் தருகிறது: பெருஞ்சோற்று உதியன் சேரலாதன். அதே சேர நாட்டின் தென்பகுதிதான் பின்னாளில் திருவிதாங்கூர் ஆனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே வேலை செய்த மிஷனரிகள் புலையர்களின் நிலையை எழுதிவைத்திருக்கிறார்கள். மேல்சாதிக்காரர் முன்னால் ஒரு புலையர் 'நான்' என்று சொல்லக்கூடாது, 'அடியன்' என்றே சொல்ல வேண்டும். தாம் உண்பதைச் 'சோறு' என்று சொல்லக்கூடாது, 'கரிக்காடி' என்றே சொல்ல வேண்டும். மன்னன் போட்டால் பெருஞ்சோறு. நாற்று நட்டு, களையெடுத்து, அறுத்து, போரடித்தவர் உண்டால் கரிக்காடி. அன்று அந்தச் சொல் நமக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. இன்று நாம் அதைச் சொன்னால் நாகரிகமில்லை என்கிறார்கள். வடமொழி வழி வந்த 'சாதம்' மரியாதையான சொல்லாகிவிட்டது. அப்படியானால் சொல்லில் என்ன குற்றம்? ஒரு குற்றமும் இல்லை. எந்த வாயிலிருந்து வருகிறது என்பதைப் பார்த்தே அதற்கு விலை போடுகிறார்கள். 'கொச்சை' என்பது பேசுகிறவருக்கு வைத்த பெயர். அதை அவருடைய சொல்லின் மேல் ஒட்டிவிடுகிறார்கள்.

சென்னைப் பேச்சுக்கும் இதுதான் நடந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும், ரிக்‌ஷா இழுத்தவர்களும், மில்லில் வேலை செய்தவர்களும் தெலுங்கு, உருது, ஆங்கிலம் பேசுகிறவர்களோடு தோளோடு தோள் உரசி உருவாக்கிய பேச்சு அது. 'நாஷ்டா', 'பேஜார்', 'ஜல்தி' உருது வழி வந்தவை. 'நைனா' தெலுங்கு. 'துட்டு' டச்சுக்காரர்களின் நாணயப் பெயர். 'குந்து' தமிழ்ப் பேரகராதியில் இருக்கும் தமிழ்ச்சொல். 'அப்பால' என்பது எழுத்துத்தமிழின் 'அப்பால்'. ஒரு நகரத்தின் உழைப்பு வரலாறே அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. ஆனால் சினிமா அதைப் பல பத்தாண்டுகள் காமெடியனுக்கும் ரவுடிக்கும் மட்டுமே கொடுத்துவைத்தது. கதாநாயகன் அதைப் பேசினால் அது மாறுவேஷமாக இருக்கும். பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' 2014-இல் வந்தபோது அந்தப் பேச்சில் காதலும் அரசியலும் துக்கமும் பேசப்பட்டதைக் கேட்டு நம் பிள்ளைகள் திரையரங்கில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அறிவுத்துறையும் விலக்கல்ல. 1960-களில் மொழியியலாளர்கள் தமிழில் சாதிக் கிளைமொழிகளை ஆராய்ந்தபோது, பெரும்பாலும் பிராமணர் பேச்சு, பிராமணரல்லாதார் பேச்சு என்றே பிரித்தார்கள். நாம் இரண்டாவது பெட்டிக்குள் அடையாளமில்லாமல் போனோம். பிற்பாடு வட்டார அகராதிகள் வந்தன. கி. ராஜநாராயணன் கரிசலுக்கும், பெருமாள்முருகன் கொங்குக்கும், கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கும் தொகுத்தார்கள். அவை பெரிய வேலைகள். நாம் நன்றியோடு பயன்படுத்துகிறோம். அவை நிலத்தின் பெயரால் தொகுக்கப்பட்டவை. ஒரே நிலத்தில் ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஓடும் கோட்டையும் சொல்லில் காட்டும் தொகுப்பு நமக்கு வேண்டும்.

அந்தக் கோடு விளித்தலில்தான் பச்சையாகத் தெரியும். பண்ணை வீட்டுச் சிறுவன் அறுபது வயதுப் பெரியவரை 'வாடா' என்பான். அவர் அவனை 'சின்ன ஆண்டே' என்பார். தஞ்சையில் 1940-களில் விவசாயச் சங்கம் கட்டிய பி. சீனிவாசராவ், அடித்தால் திருப்பி அடிக்கவும், 'டா' என்றால் 'டா' என்றே திருப்பிச் சொல்லவும் சொன்னார் என்று இயக்கத்தவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். சாணிப்பாலையும் சவுக்கடியையும் எதிர்த்த அதே போராட்டத்தில் ஓர் எழுத்துக்கும் இடமிருந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தம், பொதுப்பார்வையில் சாதிப்பெயர் சொல்லித் திட்டுவதைத் தனிக் குற்றமாகவே சேர்த்தது. ஆனால் வகுப்பறைச் சிரிப்பின் மேல் எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது?

இவ்வளவும் அடுத்தவரைப் பார்த்துச் சொன்னோம். இனி நம்மைப் பார்த்தும் சொல்ல வேண்டும்.

அருந்ததியர் தோழர்களில் பலர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், சிலர் கன்னடம் பேசுகிறவர்கள். நம் கூட்டங்களில் அவர்கள் தமிழ் பேசும்போது நம்மில் சிலர் உதட்டோரம் சிரித்ததில்லையா? 2009-இல் அவர்களுக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது, "அவங்க தமிழங்களே இல்ல" என்ற பேச்சு நம் தெருக்களிலும் கேட்டதே! வகுப்பு நம்மைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு அது. தமிழில் 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் இரண்டு சொல் இருக்கிறது. மேடையில் 'நாம்' என்று தொடங்கி, வீட்டுமொழி தெரிந்ததும் 'நாங்கள்' என்று சுருங்கினால் அந்த மேடையால் யாருக்கும் பயனில்லை. நம் பேச்சில் ஊறியிருக்கும் வசவுகளில் பெரும்பாலானவை பெண்ணின் உடம்பைக் குறிப்பவை. மண்ணின் மொழி என்று சொல்லி அவற்றுக்கும் சேர்த்து வக்காலத்து வாங்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. தலித் என்றால் வட்டார வழக்கில்தான் எழுத வேண்டும் என்று பதிப்புலகமும் பல்கலைக்கழகமும் நம்மிடம் எதிர்பார்க்கத் தொடங்கியிருக்கின்றன. நேற்றுவரை சிரித்தவர்கள் இன்று 'ஒரிஜினலா இருக்கு' என்கிறார்கள். இதுவும் வேலிதான். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் நிகண்டையும் குறளையும் கரைத்துக் குடித்தவர். செந்தமிழும் நம்முடையதே. போட்டித்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு எழுத்துத்தமிழும் ஆங்கிலமும் கட்டாயம் வேண்டும். ஒன்றைக் கற்க இன்னொன்றைத் துப்பிவிட்டு வா என்று சொல்வதைத்தான் எதிர்க்கிறோம்.

ஆகவே மாணவத் தோழர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். இந்த விடுமுறையில் ஊருக்குப் போனால் ஒரு நோட்டு வாங்குங்கள். பறையடிக்கும் பெரியவரிடம் உட்கார்ந்து அடிகளின் பெயர்களைக் கேளுங்கள்: சாமிச்சாட்டு அடி, மருள் அடி, மாரடிப்பு அடி. நடவுக்குப் போகும் பெண்களிடம் பதருக்கும் கருக்காய்க்கும் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். யார் சொன்னது, எந்தத் தெரு, எந்த வேலையின்போது என்பதையும் எழுதுங்கள். அருந்ததியர் தெருவில் கேட்டால் தெலுங்குச் சொல்லைத் தெலுங்காகவே, தமிழ் எழுத்தில் எழுதுங்கள். ஆசிரியராகப் போகிறவர்கள், ஒரு பிள்ளை எழுந்து 'சோறு' என்று சொல்லும்போது வகுப்பு சிரித்தால், முதலில் திருத்த வேண்டியது அந்தப் பிள்ளையை அல்ல என்பதை மறக்காதீர்கள்.

கூட்டம் முடிந்ததும் பந்தலில் சாப்பாடு இருக்கிறது. போய்க் குந்தி, வயிறாரச் சோறு தின்போம். அப்படியே சொல்வோம்.

ஜெய்பீம்.