பசைக்குள் ஒரு துளி ரப்பர்

கைப்பிடி போன பீங்கான் கோப்பையை இரட்டைக் குழாய்ப் பசை குழைத்து ஒட்டுகிறோம். கல்லாக இறுகிவிடுகிறது. தவறிக் கீழே விழுந்தாலோ, ஒட்டிய இடமே படக்கென்று விட்டுப்போகிறது. ஏன்?

அப்பசையின் பெயர் எப்பாக்சி. இறுகும்போது அதன் மூலக்கூறுகள் நெருக்கமான வலையாகப் பின்னிக்கொள்கின்றன. வளைந்துகொடுக்க இடமில்லை. ஆகவே கீறல் விழுந்தால் கண்ணாடியில் ஓடுவதுபோல் ஓடிவிடும்.

வாழையிலைக் கிழிசல் நடுத்தண்டை எட்டியதும் நிற்கிறதல்லவா? பசைக்குள்ளும் அப்படித் தடுப்பு வைக்கலாம். அதற்கு நாம் வெட்டும் பால்மரமே உதவுகிறது! ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைத் துண்டாக்கித் திரவமாக்குகிறார்கள். பசையோடு சேர்வதற்காக அதில் ஆக்சிஜனையும் ஏற்றுகிறார்கள். சிறிதளவு கலந்தால், பசை இறுகும்போது ரப்பர் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகப் பிரிந்து நிற்கும். ஓடிவரும் கீறலின் விசையை அத்துளிகள் இழுபட்டு வாங்கிக்கொள்ளும். செம்பனை எண்ணெயிலும் ஆக்சிஜன் ஏற்றிப் பசையின் விறைப்பைக் குறைக்கலாம். அளவு மிஞ்சினால் பசை மெத்தென்றாகிவிடும், சூடும் தாங்காது.

"கோப்பையில் வடிந்த பாலையே ஊற்றினால் என்ன?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால், பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பங்கு தண்ணீர், பசை கெட்டுவிடும்.

இன்னொன்று. இப்பசையை வெறுங்கையால் குழைக்க வேண்டாம். சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலும் திரும்ப வரும். சன்னலைத் திறந்துவைத்து, குச்சியால் குழைப்போம். பிள்ளைகள் கையில் பட்டுவிட்டால், காயுமுன் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுங்கள்.