கடையை அறிந்த பிறகே பதிவு
(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள இந்தியர் கடைகளில் பல, தந்தையிடமிருந்து பிள்ளைக்கு வந்தவை. அவை வளர்ந்தது வாடிக்கையாளரின் வாய்ச்சொல்லால். இன்று அதே கடைகளுக்குப் பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் டிக்டாக்கும் தேவைப்படுகின்றன. அந்த வேலையை ஏற்றுச் செய்யும் இளைஞர்களைச் சமூக ஊடக மேலாளர்கள் என்கிறோம். இவர்களில் சிலர் முதல் நாள் படம் எடுத்து, மறுநாளே பதிவு போட்டுவிடுகின்றனர். இடையில் செய்யவேண்டிய வேலை ஒன்று விடுபட்டுப் போகிறது. அதுதான் கடையை அறிந்துகொள்வது.

நாட்டு மருந்துக் கடை இதற்கு நல்ல உதாரணம். கல்லாவில் இருக்கும் பெரியவர், "இந்தப் பொடி சர்க்கரைக்கு நல்லது, தம்பி" என்கிறார். மேலாளர் அதையே "நீரிழிவைக் குணப்படுத்தும்" என்று கொட்டை எழுத்தில் பதிவிடுகிறார். மலேசியாவின் 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், நீரிழிவு, புற்றுநோய், ஆஸ்துமா போன்ற நோய்களைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதைத் தடைசெய்கிறது. கல்லாவில் சொன்னது பேச்சோடு போகும். பதிவில் ஏறினால் அது விளம்பரமாகிவிடும். பிரச்சினை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அந்தப் பெரியவர்தான்.

உணவகத்திலும் இதே நிலைதான். சைவ உணவுதானே என்று எண்ணி, சான்றிதழ் இல்லாத கடையின் படத்தில் ஹலால் முத்திரையைச் சேர்ப்பது குற்றமாகும். ஜாக்கிம் அல்லது மாநில இஸ்லாமியச் சமய மன்றத்தின் சான்றிதழ் பெற்றவர்களே அதைப் பயன்படுத்தலாம்.

ஆகவே, முதல் சந்திப்பைக் காப்பிக் கடையில் வைத்துக்கொள்ளாமல், வாடிக்கையாளர் வந்துபோகும் நேரத்தில் கடையிலேயே அரை நாள் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. வருகிறவர்கள் தமிழில் கேட்கிறார்களா, மலாயில் கேட்கிறார்களா? எந்தப் பொருளைத் தேடி வருகிறார்கள்? எதில் குறை சொல்கிறார்கள்? கடையில் முடிவெடுப்பவர் யார்? கைத்தொலைபேசி மகனிடம் இருக்கும்; பணம் தந்தையிடம் இருக்கும்; எதை விற்பது என்பதைத் தாயார் தீர்மானிப்பார். மகனிடம் மட்டும் பேசிவிட்டு வந்தால், பதிவு ஏறிய பிறகுதான் மற்ற இருவரின் மறுப்பும் தெரியவரும்.

கையிருப்பையும் கேட்டாக வேண்டும். தீபாவளி நேரத்தில், ஒரே ஒரு சேலை மட்டும் மீதமிருக்க அதன் படத்தைப் போட்டால், பூச்சோங்கிலிருந்து நெரிசலில் காரோட்டி வரும் குடும்பம் வெறுங்கையோடு திரும்பும். அடுத்த ஆண்டு அந்தக் குடும்பம் வேறு கடைக்குத்தான் போகும். இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் "என்ன விலை?" என்று கேட்பவருக்கு யார் பதில் சொல்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். பதில் வராத பக்கமும் பூட்டிய கடையும் ஒன்றுதான்.

கணக்கு யார் பெயரில் இருக்க வேண்டும் என்பது மற்றொரு முக்கியமான கேள்வி. மேலாளர் தம் சொந்த மின்னஞ்சலில் பக்கத்தைத் தொடங்கிவிட்டு, பின்னர் விலகிப்போனால், பல ஆண்டு உழைப்பும் அவரோடு போய்விடக்கூடும். பக்கம் கடைக்காரர் பெயரிலேயே இருக்கட்டும். கடவுச்சொல்லைக் கொடுக்காமலே மேலாளருக்கு நிர்வாக அனுமதி வழங்கப் பேஸ்புக்கில் வசதி உண்டு. வாடிக்கையாளரின் தொலைபேசி எண்களும் கடைக்காரரை நம்பிக் கொடுக்கப்பட்டவையே. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அவற்றை மேலாளர் வேறு கடைக்குக் கொண்டுபோக முடியாது.

கடைக்காரர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. "தம்பி, நீங்களே பார்த்துப் போட்டுவிடுங்கள்" என்று சொல்லி விலகிக்கொள்வது சரியல்ல. வியாபாரம் எங்கே சரிந்திருக்கிறது, எந்தப் புகார் அடிக்கடி வருகிறது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவரிடம் நோயை மறைத்துவிட்டு மருந்து கேட்க முடியுமா? எத்தனை பதிவுகள், யார் ஒப்புதலோடு, எவ்வளவு கட்டணம் என்பதை எழுதி வைத்துக்கொண்டால், பிறகு மனக்கசப்புக்கு இடமிருக்காது.

விருப்பக் குறிகளை விரைவில் கூட்டிவிடலாம். ஆனால் முப்பது ஆண்டுகள் கல்லாவில் உட்கார்ந்து சேர்த்த நற்பெயரை ஒரே பதிவில் இழந்துவிடவும் கூடும். அந்தப் பெயரைத் தம் கையில் ஏந்தியிருக்கிறோம் என்பதை உணர்ந்த மேலாளர், முதல் வாரம் எதையும் பதிவிடாமல் காதுகொடுத்துக் கேட்பார். கடைக்காரர் அந்த ஒரு வாரம் பொறுத்திருப்பது இருவருக்கும் நன்மையாகும்.