பிராடக்ட் மேனேஜர் பணியும் அதற்கான படிப்பும்

(நம் ஜமாஅத்தின் கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் காலத்தில், பிள்ளையைக் கம்ப்யூட்டரில் சேர்ப்பதா, காமர்ஸில் சேர்ப்பதா என்பதே நம் இல்லங்களில் வழக்கமாக எழும் கேள்வி. இவ்வாண்டு பிராடக்ட் மேனேஜ்மென்ட் என்னும் புதிய பெயரும் அதனுடன் சேர்ந்துள்ளது. இதனைப் புரொடக்‌ஷன் மேனேஜர் என்று கேட்டு, தொழிற்சாலை வேலை என எண்ணிய பெற்றோரும் உளர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம்.

ஒரு பொருள் யாருக்காக, எந்தக் குறையைத் தீர்ப்பதற்காக உருவாக வேண்டும், அதில் எது முதலில் இடம்பெற வேண்டும், எது கூடவே கூடாது என்பவற்றை முடிவு செய்து, அதன் வெற்றி தோல்விக்குப் பொறுப்பேற்பவரே பிராடக்ட் மேனேஜர். மென்பொருளை எழுதும் பொறியாளர்கள் பெரும்பாலும் இவருக்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்லர். ஆதலின் அதட்டி வேலை வாங்க இயலாது; காரணம் காட்டி இணங்க வைக்க வேண்டும்.

இது கணினியுடன் பிறந்த பணியும் அன்று. அமெரிக்காவின் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தில் கேமே சோப்பின் விளம்பரத்தைக் கவனித்து வந்த நீல் மெக்கெல்ராய் என்பவர், அதே நிறுவனத்தின் ஐவரி சோப்பின் நிழலில் தம் சோப்பு மங்குவதைக் கண்டார். ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பொறுப்பாளர் தேவை என 1931ஆம் ஆண்டு மே மாதம் நிர்வாகத்திற்குக் குறிப்பு எழுதினார். இப்பணியின் வேர் அக்குறிப்பே என்பர். ஆம்பூர், வாணியம்பாடி காலணி ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசர் பணியில் உள்ள நம் உறவினர்களைக் கேட்டுப் பாருங்கள். வாங்குபவரின் விருப்பத்திற்கும் பட்டறையின் இயல்புக்கும் நடுவே நிற்கும் அவர்களது வேலை இதற்கு நெருங்கிய உறவுடையது.

நம் விழுப்புரம் கடைவீதியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு சொல்வோம். பற்று வரவு எழுதும் செயலி ஒன்றை உருவாக்கும் பொறியாளர், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கைப்பேசி எண் கட்டாயம் என்று அமைத்துவிடலாம். ஆனால் கடனுக்குத் துணி எடுக்கும் கிராமத்துப் பெரியவரைக் கடைக்காரர் ஊர்ப் பெயரோடு சேர்த்துத்தான் நினைவில் வைத்திருப்பார். கைப்பேசியோ சென்னையிலுள்ள மகனிடம் இருக்கும். கணக்கு அறுவடை முடிந்தே தீரும். இவற்றை அறியாத செயலி எத்துணை அழகாக இருப்பினும் மூன்றாம் நாள் மூலையில் கிடக்கும்; கடைக்காரர் பழைய நோட்டுக்கே திரும்புவார். நடுக்கடையில் ஒரு வாரம் உட்கார்ந்து கவனித்து, ‘எண் கட்டாயமன்று, ஊர்ப் பெயருக்கு இடம் வேண்டும்’ என்று பொறியாளரிடம் எழுதிக் கொடுப்பதே இப்பணி. தந்தையின் கடையில் நின்று வளர்ந்த பிள்ளைக்கு இதில் பாதி தெரியும். மீதிப் பாதியை, அதாவது எண்களைக் கொண்டு ஆராய்வதையும், தெளிவாக எழுதுவதையும், மென்பொருள் உருவாகும் முறையையும், படித்தே பெற வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்குச் சான்றாக நிற்பவர் திருச்சியைச் சேர்ந்த கிரீஷ் மாத்ருபூதம். பொறியியலும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ.வும் பயின்றவர். சோஹோவில் விற்பனைக்கு முந்தைய விளக்கப் பணியில் சேர்ந்து, பிராடக்ட் மேனேஜ்மென்ட் துணைத் தலைவராக உயர்ந்தார். அமெரிக்காவிலிருந்து வீடு மாறி வந்தபோது அவருடைய தொலைக்காட்சிப் பெட்டி உடைந்தது. மாதக்கணக்கில் முறையிட்டும் வராத இழப்பீடு, பொதுவில் எழுதியவுடன் வந்து சேர்ந்தது. வாடிக்கையாளர் குறைகளைக் கையாளும் மென்பொருளுக்கான எண்ணம் வளர்ந்ததில் அந்நிகழ்வுக்கும் பங்குண்டு என அவரே கூறியிருக்கிறார். 2010இல் அவர் தொடங்கிய நிறுவனம், ஃப்ரெஷ்ஒர்க்ஸ் என்னும் பெயரில் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது.

இனிப் படிப்புக்கு வருவோம். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிராடக்ட் மேனேஜ்மென்டுக்கென்றே முதுநிலைப் பட்டம் உள்ளது. நம் நாட்டில் ஐ.ஐ.எம். போன்ற நிறுவனங்கள் நடத்தும் இவ்வகைப் பயிற்சிகள் பெரும்பாலும் ஏற்கனவே பணியில் இருப்பவர்களுக்கானவை. நம் பிள்ளைகளுக்கு இது முதல் பட்டமும் அன்று, முதல் வேலையும் அன்று. வேறொரு வேலையின் வழியே சென்று அடையும் வேலை. மென்பொருள் சோதனை, வாடிக்கையாளர் உதவி, விற்பனை விளக்கம், பிசினஸ் அனலிஸ்ட் ஆகியனவே அதன் வாயில்கள்.

இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்மிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு குடும்பம், பட்டம் முடித்த மகனுக்காக நகையை அடகு வைத்து, சில மாத இணையவழிச் சான்றிதழுக்குப் பெருந்தொகை கட்டியிருந்தது. சான்றிதழ் வந்தது, வேலை வரவில்லை. நேர்காணலுக்குச் சென்ற இடங்களில், ‘எதை உருவாக்கினாய், யாரிடம் கேட்டறிந்தாய்?’ என்றே வினவினார்களாம். ஓராண்டு கழித்து வாடிக்கையாளர் உதவிப் பணியில் சேர்ந்த பின்னரே அப்பிள்ளைக்கு வழி திறந்தது. அப்பணிக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்படவே இல்லை. கல்வி உதவிநிதியிலிருந்து இத்தகைய சான்றிதழ்களுக்குப் பணம் வழங்குவதில்லை என நம் குழு முடிவு செய்ததைச் சிலர் கடுமை என்றனர். பட்டப்படிப்புக்கு ஒதுக்க வேண்டிய தொகையை அவ்வழியில் செலவிட நமக்கு மனம் வரவில்லை.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. இரு ஊர்களிலும் அரசு கலைக் கல்லூரிகளும் உள்ளன. வீட்டிலிருந்தே சென்று பயிலலாம் என்பதால், மகளை வெளியூர் விடுதிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் இவற்றை முதலில் பார்க்க வேண்டும். பி.காம். படித்தவர்க்கும் கதவு மூடவில்லை. கணக்கியல் மென்பொருளை உருவாக்குவோர்க்குக் கணக்கு அறிந்தவர் தேவை. பின்னர் எம்.பி.ஏ. விரும்புவோர் டான்செட், கேட் தேர்வுகளை எழுதலாம். பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை உதவித்தொகையுடன் பயிற்றுவிக்கும் சோஹோ பள்ளி 2005 முதல் நடைபெறுகிறது. அங்குப் பட்டம் கிடைக்காது என்பதையும் அறிந்தே விண்ணப்பியுங்கள். நம் மாவட்டத்தின் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024இல் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டுள்ளது. அங்குள்ள நிறுவனங்களில் பயிற்சிக்கு இடமுண்டா என விசாரிக்க நம் குழுவினர் இருவர் பொறுப்பேற்றுள்ளனர்.

கல்லூரியில் இருக்கும்போதே செய்யத்தக்க ஒரு பணியை மாணவர்களிடம் ஒப்படைக்கிறோம். நம் ஜமாஅத்தின் சந்தா வசூல் இன்றும் நோட்டிலேயே நடக்கிறது. வசூலிப்பவர், செலுத்துபவர், கணக்கைத் தணிக்கை செய்பவர் ஆகிய மூவரிடமும் பேசி, எங்கே தாமதம், எங்கே பிழை எனக் கண்டறிந்து, எதை மாற்றலாம் என இரண்டு பக்கம் எழுதி வாருங்கள். நோட்டே போதும் என்று ஆய்ந்து சொன்னாலும் ஏற்போம். எழுதி வருவோருடன் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா கூடத்தில் இன்ஷா அல்லாஹ் அமர்ந்து பேசுவோம். மதிப்பெண் பட்டியலையும் உடன் கொண்டு வாருங்கள்.