ஆராய்ச்சி மாணவரும் நம் கடமையும்

(விளாங்குடியில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முதுகலைப் பட்டம் பெற்றபின் ஆராய்ச்சித் துறையிற் புகும் நம் பிள்ளைகளின் கட்டணச் செலவைக் குறித்தும், அவர்க்கு இச்சங்கம் செய்யத்தகும் உதவியைக் குறித்தும் சில கூற விரும்புகின்றோம். பொருள் சிறிதெனத் தோன்றலாம். ஆயினும், கல்வியில் நம் சங்கத்தின் நோக்கம் எவ்வளவு தூரம் செல்லுகின்றது என்பதை அளந்து காட்டும் கோல் இதுவே.

கண்மாயும் வயலுமாயிருந்த நம் விளாங்குடி 2011-ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. பாத்திமா கல்லூரி நமக்கு அண்மையில் உள்ளது. 1966-இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகம், இன்று காமராசர் பெயர் தாங்கி, வைகைக்கு அப்பால் தேனிச் சாலையில் விளங்குகின்றது. இவ்வளவு அருகிலிருந்தும் நம்மவருள் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். காரணம் என்னை? அறிவுக் குறையன்று; பொருட் குறையே.

சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒன்றை மறைத்தற்கில்லை. நம் தெருவில் வாழும் லாரி ஓட்டுநர் ஒருவரின் மகள், இயற்பியல் முதுகலைத் தேர்வில் முதல் வகுப்பில் தேறி, ஆராய்ச்சிக்கு இடமும் பெற்றாள். முதலாண்டுக் கட்டணத்திற்காக நம்மை நாடி வந்தாள். விதிப் புத்தகத்தைப் புரட்டினோம். உபகாரப் பணம் பட்டப்படிப்பு முடியுமளவே என்றிருந்தது. கையை விரித்தோம். அவள் இன்று ஒரு ஜவுளிக் கடையிற் கணக்கெழுதுகின்றாள். அத்தொழில் இழிவென்று கூறோம். அவள் விரும்பி ஏற்றதன்று என்றே கூறுகின்றோம். அதே மாதத்தில் நம் மண்டபத்திற்குப் புதிய விளக்குகள் வாங்கத் தீர்மானித்தோம் என்பதை நினைக்க நாணுகின்றோம்.

நிற்க. ஆராய்ச்சி மாணவரின் செலவு யாதென்பதை நம்மிற் பலர் அறியார். பதிவுக் கட்டணம், ஆண்டுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், முடிவில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குங் கட்டணம் என அது பல கிளைப்படும். அவற்றினும் பெரிது, மூன்றாண்டிற்குக் குறையாமலும் பெரும்பாலும் ஐந்தாறாண்டு வரையிலும் வருவாயின்றி உண்டு உடுத்து வாழுஞ் செலவாம். உடன் படித்தவர் சம்பாதித்து வீட்டிற்கு அனுப்பும் வயதில், இவர் வீட்டினின்றும் பணம் பெறவேண்டியவராகின்றார்.

அரசாங்கம் உதவவில்லையோ எனின், உதவுகின்றது. பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆராய்ச்சியாளராகத் தெரிந்தெடுக்கப்பட்டார்க்கு மாதம் 31,000 ரூபாயாயிருந்த உபகாரச் சம்பளம், 2023 ஜனவரி முதல் 37,000 ஆயிற்று. முதுநிலை எய்தினார்க்கு 42,000. ஆனால் தேர்வெழுதுவோருள் மிகச் சிலர்க்கே அது வாய்க்கும். வாய்க்காதவர்க்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் மாதம் 8,000 ரூபாய் என ஒரு சிற்றுதவி ஏற்பட்டிருந்தது. 2015-இல் அதனையும் நிறுத்தக் கருதியபோது, மாணவர் தில்லியில் மானியக் குழுவின் வாயிலில் அமர்ந்து போராடினர். அவ்வுதவியும் நம் மதுரையைப் போன்ற மாநிலப் பல்கலைக்கழகத்தார்க்கு உரியதன்று.

உபகாரச் சம்பளம் பெறுவோரும் கவலையற்றிருக்கின்றனர் என்று எண்ணற்க. அது மாதந்தோறும் வாராது பன்மாதந் தங்கி வருதலும் உண்டு. அதுவரை அறை வாடகைக்கு எங்கே போவது? ஐந்தாண்டு கழிந்தால் அது நின்றுவிடும். ஆய்வேட்டுக் கட்டணமோ பெரும்பாலும் அப்போதுதான் எதிரே வந்து நிற்கும்.

"ஆராய்ச்சி சோறு போடுமா?" என்று கேட்கும் பெரியோர்க்கு நம் நாட்டிலேயே நிகழ்ந்த சரித்திரம் ஒன்றை நினைவூட்டுவோம். கும்பகோணத்தில் வளர்ந்த இராமாநுஜன், கணிதமொன்றிலேயே மனஞ்செலுத்தி ஏனைப் பாடங்களிற் றவறிக் கல்லூரி உபகாரச் சம்பளத்தை இழந்தார். அக்காலத்தில் ஒரு பட்டமும் பெற்றிலர். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் சிறிது காலம் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுத அமர்ந்தார். 1913-இல் சென்னைச் சர்வகலாசாலை, பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் அளித்தது. கணக்குப் பேரேடு கையினின்றும் நீங்கியது, கணிதம் நின்றது. மறு ஆண்டே கேம்பிரிட்ஜ் சென்றார். 1918-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது.

எல்லோரும் இராமாநுஜன் ஆவரோ என்பீர்கள். ஆகார். ஆயின், உதவி செய்த காலத்தில் அவர் இன்னாராவார் என்பதை அவருக்கு உதவியவரும் முற்றும் அறிந்திலர். விதைப்பவன் எல்லா விதையும் முளைக்குமென்று உறுதி பெற்றா விதைக்கின்றான்?

பொருளுக்கு வழி யாது என்பீராயின், அண்மையிலுள்ள விருதுநகரைக் காண்மின். அங்கே நாடார் உறவின்முறையார் வணிகத்தில் மகமை என்று எடுத்துவைத்த பணத்தாலும், வீடுதோறும் பெண்கள் கலயத்திலிட்ட பிடியரிசியாலும் ஷத்திரிய வித்தியாசாலையை வளர்த்தனர். அங்குப் பயின்ற சிறுவர் ஒருவரின் பெயரையே இன்று நம் பல்கலைக்கழகம் தாங்கி நிற்கின்றது. அவர் பள்ளிக்கு அளித்ததை நாம் ஆராய்ச்சிக்கு அளித்தல் அரிதோ?

ஆகவே, இச்சபையார் முன் நான்கு வேண்டுகோளை வைக்கின்றோம். உபகாரப் பணம் பட்டப்படிப்பளவே என்னும் விதியை நீக்குக. மண்டப வாடகையில் நூற்றுக்குப் பத்து எடுத்து ஆராய்ச்சி நிதி ஒன்று அமைக்க. அந்நிதியினின்றும், கட்டணத்திற்கும், அரசாங்கச் சம்பளம் தாமதிக்கும் மாதங்களுக்கும் வட்டியில்லாக் கைம்மாற்று அளித்து, வேலை கிடைத்தபின் சிறுகச் சிறுகத் திரும்பப் பெறுக. அது பின்வருவார்க்கு உதவும். பெண்மக்கள் மணமாகிச் சென்றாலும், ஆராய்ச்சி முடியுமளவும் உதவியை நிறுத்தாதிருக்க.

இத்தீர்மானம் இன்று நிறைவேறுமாயின், நாளைக் காலை யாமே அந்த ஜவுளிக் கடைக்குச் சென்று, அப்பெண்ணை நேரிற் கண்டு, முன்னர் மறுத்ததற்கு வருந்துகின்றோம் என்று கூறி, மீண்டும் விண்ணப்பிக்குமாறு வேண்டிக்கொள்வோம். வெறுங்கையோடு செல்லாதபடி எம்மை அனுப்புதல் உங்கள் பொறுப்பு.