வீடு திரும்பும் புறா

நெல்லையும் கடலையையும் பற்றிப் பேசுகிற ஆள், இன்றைக்குப் புறாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டானே என்று நினைக்க வேண்டாம். காரணம் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். பெரியவர் ஒருவர் ஒரு புறாவைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். அதன் காலில் வளையம், வளையத்தில் எண். "ஐயா, இது எந்த நாட்டு உளவுப் புறாங்க? போலீசுக்குச் சொல்லணுமா, இல்லே குழம்பு வைக்கலாமா?" என்று கேட்டார். இரண்டும் வேண்டாம் என்றேன்.

பெரியவர் கேட்டதிலும் தப்பில்லை. மும்பையில் 2023-ஆம் ஆண்டு இப்படித்தான் ஒரு புறாவைப் பிடித்து, உளவு பார்க்க வந்தது என்று சந்தேகப்பட்டு எட்டு மாதம் அடைத்து வைத்தார்கள். விசாரித்தால் அது தைவான் நாட்டுப் பந்தயப் புறா! பெரியவர் கொண்டுவந்ததும் பந்தயப் புறாதான். ஹோமர் என்று சொல்வார்கள். எங்கே கொண்டுபோய் விட்டாலும் தன் கூட்டுக்குத் திரும்பிவரும் ஜாதி.

நான் வடசென்னையில் வளர்ந்தவன். மொட்டை மாடியில் புறாக்கூண்டு வைத்திருந்த வீடுகளுக்கு நடுவே பள்ளிக்கூடம் போனவன். மழை ஓய்ந்த பிறகு அங்கே ஹோமர் பந்தயம் தொடங்கும். புறாக்களைக் கூடையில் ஏற்றி நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா, அப்புறம் நாகபுரி என்று வடக்கே கொண்டுபோய்த் திறந்துவிடுவார்கள். காலையில் நெல்லூரில் விட்ட புறா, மத்தியானச் சோற்றுக்குள் மாடியில் வந்து உட்கார்ந்திருக்கும். நல்ல புறா மணிக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர் பறக்கும்.

வழி எப்படித் தெரிகிறது? சூரியன் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் வைத்துத் திசை பார்க்கிறது. மேகம் மூடினால் பூமியின் காந்த சக்தி கைகொடுக்கிறது. 1971-ல் அமெரிக்காவில் கீட்டன் என்ற விஞ்ஞானி புறாவின் முதுகில் சின்னக் காந்தத்தை ஒட்டிப் பார்த்தார். வெயில் நாளில் அவை சரியாகப் போயின. மேகமூட்ட நாளில் தடுமாறின. காற்றில் வரும் வாசனையும் உதவுகிறது என்று இத்தாலி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். ஊர் நெருங்கினால் சாலையையும் ஆற்றையும் பார்த்துப் பறக்கும். சாலை வளைகிற இடத்தில் தானும் வளையும் புறாக்கள் உண்டு. நம்ம ஊர்ப் பேருந்து ஓட்டுநர் மாதிரி.

ஒரிசா மாநிலப் போலீசில் 1946 முதல் புறா அஞ்சல் இருந்தது. 1948-ல் பிரதமர் நேரு சம்பல்பூரிலிருந்து கட்டாக்குக்கு அனுப்பிய செய்தி புறா மூலமாகத்தான் போனது. 1982 வெள்ளத்தில் பாங்கி என்ற ஊர் துண்டுபட்டபோது செய்தி கொண்டுவந்தவையும் இந்தப் புறாக்கள்தான்.

சரி, வளர்ப்புக்கு வருவோம். கூண்டு தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கட்டும். கிழக்குப் பார்த்து இருந்தால் காலை வெயில் விழும். காற்று நன்றாக வர வேண்டும், ஆனால் சாரல் அடிக்கக் கூடாது. ஆறடிக்கு எட்டடியில் எட்டு ஜோடி போதும். "இன்னும் நாலு ஜோடி" என்ற ஆசைதான் நோயை வரவழைக்கும். ஜோடிக்கு ஒரு அறை, இரண்டடி அகலம். முட்டையிட ஒரு அகலமான மண்சட்டி. வைக்கோலும் வேப்பங்குச்சியும் பக்கத்தில் போட்டால், ஆண் புறாவே பொறுக்கிக்கொண்டு போய்க் கொடுக்கும். கம்பிவலை சின்னக் கண்ணாக இருக்கட்டும். பாம்பும் கீரியும் பூனையும் உங்களைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

தீனி ஒரு புறாவுக்கு நாளைக்கு 30 கிராம். இருபது புறாவுக்கு மாதம் 18 கிலோ ஆகும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். மக்காச்சோளம், கம்பு, கோதுமை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை கலந்து கொடுக்கலாம். குஞ்சு இருக்கும்போது பயறைக் கூட்ட வேண்டும். தூரம் பறக்கும் நாட்களில் மக்காச்சோளத்தைக் கூட்ட வேண்டும். புறாவுக்குப் பல் கிடையாது. ஆகவே கிளிஞ்சல் தூள், செங்கல் தூள், அடுப்புக்கரி, கொஞ்சம் உப்பு கலந்து ஒரு சட்டியில் எப்போதும் இருக்கட்டும். பூஞ்சணம் பிடித்த தானியம் மாட்டுக்கும் ஆகாது, புறாவுக்கும் ஆகாது.

ஜோடி சேர்ந்து பத்து நாளைக்குள் முதல் முட்டை விழும், சாதாரணமாகச் சாயங்காலத்தில். இரண்டாவது முட்டை, ஒரு நாள் விட்டு மறுநாள் மத்தியானம். அடைகாப்பதில் ஆணுக்கும் பங்கு உண்டுங்க. காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை ஆண் உட்காரும். மற்ற நேரமும் ராத்திரியும் பெண். பதினேழு, பதினெட்டு நாளில் குஞ்சு வரும். முதல் சில நாள், தாயும் தகப்பனும் தீனிப்பையில் சுரக்கும் பாலையே ஊட்டும். தகப்பன் பால் கொடுக்கும் பிராணி உலகத்தில் எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்! ஏழு, எட்டு நாளில் குஞ்சின் காலில் வளையம் போட்டுவிட வேண்டும், பிந்தினால் நுழையாது. இருபத்தைந்து நாளுக்கு மேல் தனியே பிரிக்கலாம். வருஷத்துக்கு மூன்று ஈடு போதும். சிறகு உதிர்க்கும் காலத்தில் ஆணையும் பெண்ணையும் பிரித்து ஓய்வு கொடுங்கள். கூடப்பிறந்ததுகளை ஜோடி சேர்க்காதீர்கள்.

வெளியூரில் வாங்கிய பெரிய புறாவைத் திறந்துவிட்டால், அது பழைய வீட்டுக்கே போய்விடும். பணம் கொடுத்தவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆகவே பெரிய புறாவைக் கூண்டிலேயே வைத்துக் குஞ்சு எடுங்கள். உங்கள் கூண்டில் பிறந்த குஞ்சுதான் உங்கள் வீட்டைத் தன் வீடு என்று நினைக்கும். குஞ்சைச் சில நாள் கம்பிக்கூண்டில் வெளியே வைத்து ஊரைப் பார்க்கவிட வேண்டும். பிறகு பசியோடு இருக்கும் சாயங்கால வேளையில் திறந்துவிட்டு, தீனி டப்பாவை ஆட்டிக் கூப்பிடுங்கள். மூன்று மாதம் ஆனதும் 2 கிலோமீட்டர், 5, 10, 20, 40 என்று ஒரே திசையில் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். மழை மேகத்திலும் பலத்த காற்றிலும் விடக் கூடாது. வல்லூறு தூக்குவதும் உண்டு. இதற்கெல்லாம் மனசு தயாராக இருக்க வேண்டும்.

பந்தயத்தில் முதலில் வந்து உட்கார்ந்த புறாதான் ஜெயித்தது என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு தூரம் அல்லவா? 150 கிலோமீட்டரை 150 நிமிஷத்தில் வந்த புறாவுக்கு, நிமிஷத்துக்கு 1,000 மீட்டர். 152 கிலோமீட்டரை 151 நிமிஷத்தில் வந்த புறாவுக்கு 1,006 மீட்டருக்கு மேல். ஒரு நிமிஷம் பிந்தி வந்தது ஜெயித்துவிட்டது. முன்பெல்லாம் காலில் உள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றி, ஒரு கடிகாரப் பெட்டிக்குள் போட்டு நேரம் பதிவார்கள். இப்போது மின்னணு வளையம் வந்துவிட்டது. பெல்ஜியத்தில் 2020-ல் ஒரு பெண் புறா 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. இதைக் கேட்டு நிலத்தை அடகு வைத்துவிடாதீர்கள்! நமக்கு இது பொழுதுபோக்குத்தான். இதில் பணம் கட்டிச் சூதாடுகிறவர்கள் பக்கம் போகவே போகாதீர்கள்.

நோயில் மூன்றைச் சொல்கிறேன். தொண்டைக்குள் மஞ்சள் கட்டி, கழுத்துத் திருகிக்கொள்வது, கண்ணிலும் அலகிலும் அம்மைக் கொப்புளம். எதைக் கண்டாலும் அந்தப் புறாவைப் பிரித்து வைத்துவிட்டுக் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள், கைவைத்தியம் வேண்டாம். கூண்டைக் கூட்டும்போது துண்டால் மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதி. எச்சத்தைச் சாணத்தோடு மட்கவைத்தால் நல்ல எரு.

இனி நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். என் வட்டாரத்தில் ஒரு தம்பி, பள்ளிக்கூடத்துப் பையன், பதினான்கு ஹோமர் வைத்திருந்தான். அதில் ஒரு நீலப் பெண் புறா நூறு கிலோமீட்டர் போய்த் திரும்பியது. அந்த ஊரில் மக்காச்சோள விதைப்புக்கு முன்னால் கூட்டம் போட்டு, பூச்சிமருந்து கலந்த விதையைப் போடச் சொன்னவன் நான்தான். எத்தனை ஆழம், என்ன இடைவெளி, எல்லாம் சொன்னேன். டிராக்டர் திரும்புகிற தலைமாட்டில் சிந்துகிற விதையை மண் தள்ளி மூட வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஒன்பது புறா செத்துக் கிடந்தன. நீலப் புறாவும் அதில் ஒன்று. "நீங்கதானே சார் மருந்து விதை நல்லதுன்னு சொன்னீங்க" என்றான். அவன் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போலிருந்தது.

ஆகவே விதைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். சிந்திய விதையை அன்றே மூடுங்கள். மிஞ்சிய மருந்து விதையைக் களத்தில் கொட்டாதீர்கள். மருந்து கலந்த பாத்திரத்தை வாய்க்காலில் கழுவாதீர்கள். விதைக்கும் நாளை ஊரில் புறா வைத்திருப்பவர் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புறா வைத்திருப்பவர்கள் முளைப்பு தெரிகிற வரைக்கும் கூண்டைத் திறக்காமல், உள்ளேயே தீனியும் தண்ணீரும் வையுங்கள்.

பெரியவர் கொண்டுவந்த புறாவை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். தண்ணீர் வைத்தோம், கம்பு போட்டோம், வளையத்து எண்ணைக் குறித்துக்கொண்டோம். இரண்டு நாள் அவர் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது. மூன்றாம் நாள் காலை கூரைமேல் ஏறி, ஊரை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வடகிழக்கே போய்விட்டது. அந்தத் தம்பியிடம் மிஞ்சிய ஐந்து இப்போது பதினொன்றாகி இருக்கிறது. விதைப்புக்கு ஒரு வாரம் முன்னாலேயே எனக்குப் போன் பண்ணித் தேதி கேட்டுக்கொள்கிறான்.